சாம்பல் அருங்காட்சியகத்தின் இரும்புக் கதவு

அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைத்தான். வாசலுக்கு நேரே, கண்ணாடிப் பெட்டிக்குள், பாதி உருகிய மாதா கோயில் மணி இருக்கிறது. அதைத் தாண்டித்தான் என் மேசைக்கு வர வேண்டும். தாண்டி வந்து, "சார், டாய்லெட்?" என்பார்கள். நான் இடது கையைக் காட்டுவேன். கோபமெல்லாம் வராது. கோபப்படுவதற்கு எதிரே நிற்கிறவர் மேல் கொஞ்சமாவது மதிப்பு இருக்க வேண்டும்.

நீங்களும் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர், முதல் தடவை விசாரிக்க வந்தபோது. குறையாகச் சொல்லவில்லை.

வெல்டர் நார்சிசோவைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் செய்த கதவு சிக்கிக்கொண்டதாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியாரும் அதையே சொன்னார், பத்திரிகையும் அதையே எழுதியிருக்கிறது. அதனால்தான் நானே வந்தேன். நார்சிசோ எனக்கு உறவும் இல்லை, நண்பனும் இல்லை. வாய் நாறக் குடிக்கிறவன். ஆனால் ஒரு பொருளுக்குக் கீழே பிழையான குறிப்பு இருந்தால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது. அது நல்ல கதவு. அவன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் ஆள் நிதானமாக எழுதட்டும், எழுத்துப்பிழை வேண்டாம்.

எங்கள் சான் இலாரியோவில் மலை வெடித்த கதை உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மக்கள் கோயிலுக்குள் ஓடினார்கள், சாம்பலும் கல்லும் கூரையை அழுத்தி உள்ளே இறக்கின, எல்லோரும் செத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் சொல்லித்தருகிறார்கள். கோயிலில் இன்று மிச்சம் மணிக்கூண்டு மட்டும். பக்கத்தில் துறவிகள் குடியிருந்த கட்டடம் தப்பியது; ஆள் படுக்கிற அகலத்துக்குக் கருங்கல் சுவர், உயரத்தில் கம்பி போட்ட ஜன்னல்கள். அதுதான் அருங்காட்சியகம். இளைஞனாக அங்கே மண் தோண்டும் வேலைக்கு வந்தவன் நான். பொறுப்பாளன் ஆகி, தலை நரைத்து, இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொழுதுபோகவில்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தோண்டிய காலத்தில், என் கையாலேயே ஒரு மண்பானையை எடுத்தேன். உள்ளே சோறு. கரிந்து, கல்லாகி, அகப்பையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி உலை வைத்திருக்கிறாள். கிண்டிவிட்டு அகப்பையை உள்ளேயே விட்டு ஓடியிருக்கிறாள். அவளுக்கு மரியா சிமோனா என்று பெயர் வைத்தேன். குறிப்பில் எழுதவில்லை, அது எனக்கு மட்டும். அவசரத்திலும் பானையை மூடியால் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வருவோம் என்று நம்பியவள். ஒழுங்கானவள். அவளைப் போன்றவர்கள் இருந்த ஊர் இது.

அவர்களுடைய வாரிசுகளைப் பாருங்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் செத்தவர்களுக்காக விழா எடுக்கிறார்கள். காலையில் பூசை, மதியம் சேவல் சண்டை, மாலையில் அழகிப் போட்டி. ஜெயிக்கிற பெண்ணுக்கு 'லாவா ராணி' என்று பட்டம். கிரீடத்தை வைத்துக்கொண்டு எலும்புகள் இருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உதட்டைக் குவித்துப் படம் எடுத்துக்கொள்வாள். போன வருடத்து ராணி என்னிடம், "சார், இந்த மண்டை ஓட்டை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்ப முடியுமா? வெளிச்சம் விழலை" என்றாள்.

திருப்பவில்லை.

என் வாசலில், படிக்கட்டுக்குக் கீழே, ரெமெதியாஸ் என்ற பெண் கடை போட்டிருந்தாள். ஊரே அவளை ரெமி என்று கூப்பிடும். நான் முழுப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். வறுத்த பிலிக்கொட்டை, வாழைப்பழ வறுவல், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பு இலை, கூடவே மலைப் படம் போட்ட சாவிக்கொத்து. புருஷன் கப்பலில் போய்த் திரும்பவில்லை. மகளுக்கும், மகள் பெற்ற பிள்ளைகளுக்கும் அவள்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். குரல் சந்தையின் அந்தக் கோடி வரை கேட்கும். மத்தியானம் எனக்கு ஒரு தட்டு சோறு கொண்டுவருவாள். நான் கேட்டதில்லை.

"டைரக்டர் சார், சாப்பிடுங்க. அந்த எலும்பெல்லாம் உங்களைவிடக் கொழுத்துக் கிடக்கு" என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பாள். தட்டை மணியின் கண்ணாடிப் பெட்டி மேலேயே வைப்பாள். எண்ணெய் வட்டம் விழும். அவள் போனதும் துடைப்பேன்.

முந்தின வருடம் மலை மறுபடி புகைந்தது நினைவிருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை, சரிவெல்லாம் சாம்பல் கொட்டிவிட்டு அடங்கிவிட்டது. ஆனால் அந்தச் சாம்பல் அங்கேயே காத்துக்கொண்டிருந்தது. புயல் மழை பெய்தால் கரைந்து, பாறைகளை உருட்டிக்கொண்டு ஆற்றோடு சேறாக இறங்கும். வீட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு போகும். தெரிந்தும் இவர்கள் ஆற்றுப்படுகையிலேயே வீடு கட்டியிருந்தார்கள். கேட்டால், மீன் வாங்கப் பக்கம் என்பார்கள்.

ஊர்த் தலைவர் ஒனோப்ரே ஒருநாள் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டே என் அறைக்கு வந்தார். கபிதான் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும்; என்னை ஊரில் மனோய், அதாவது அண்ணன், என்பார்கள்.

"மனோய் எலாடியோ, நல்ல சேதி. சேறு வந்தா ஜனங்க எங்க போறதுன்னு யோசிச்சோம். உங்க கட்டடம்தான்னு முடிவாயிருச்சு. இந்தச் சுவரை எந்தச் சேறும் அசைக்காது."

"இது அருங்காட்சியகம், கபிதான்."

"அதான் சொல்றேன், காலியாத்தானே கிடக்கு."

காலி என்றார். என் சாவிக்கு ஒரு நகல் செய்து இடுப்பில் மாட்டிக்கொண்டார். சோளத்தின் சக்கையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முதல் புயலில் கதவைத் திறந்துவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபேச்சுப் பேசாமல் திறந்தேன். படுகை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். காட்சிக்கு வைத்திருந்த பழைய பாதிரியார் நாற்காலியின் காலில் சண்டைச் சேவலைக் கட்டினார்கள். ஞானஸ்நானத் தொட்டியில் குழந்தைக்குக் கால் கழுவினார்கள். எலும்புப் பெட்டியின் விளிம்பில் ஈரத்துணி காயப்போட்டிருந்தது. யாரோ ஒருவன் அடுப்பு மூட்டிக் கருவாடு சுட்டான். அந்தப் புகை பூசை அங்கியின் வெள்ளி இழையில் ஏறி உட்கார்ந்தது. அதை எடுக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

பானை உடைந்தது அன்றைக்குத்தான். ஒரு கிழவிக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமென்று ரெமெதியாஸ் அதைப் பீடத்திலிருந்து தூக்கி ஓரமாக வைக்கப் பார்த்திருக்கிறாள். கை நழுவிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது, அவள் தரையில் குந்தி ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சோறு மூன்று துண்டாகக் கிடந்தது.

"கோவிச்சுக்காதீங்க மனோய். பசை போட்டு ஒட்டித் தர்றேன், அச்சு அசல் அப்படியே இருக்கும்." பிறகு, என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, "சோறு எப்படியும் தீஞ்சு போனதுதானே?" என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒனோப்ரேயிடம் முறையிட்டேன். அவர் என் தோளில் கை போட்டார். "மனோய், உயிர் பெரிசா, பானை பெரிசா, நீங்களே சொல்லுங்க." பதில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் கேட்கிற கேள்வி அது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அதையும் ஜோக்காக எடுத்துக்கொண்டார்.

உண்மையாகவே யோசித்தேன். ரெமெதியாஸைப் போல ஒரு பெண் சந்தையில் எந்த மூலையிலும் கிடைப்பாள். அந்தப் பானை உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. இதில் கணக்கு ஒன்றும் கஷ்டமானது இல்லை.

அடுத்த புயலிலும் வந்தார்கள். சேறு திசை மாறி வேறு ஆற்றில் இறங்கிவிட்டது. ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. பாட்டுப் பெட்டி கொண்டுவந்து, மைக் பிடித்துப் பாடினார்கள். எலும்புகளுக்கு முன்னால் நின்று காதல் பாட்டு. அதற்குப் பிறகுதான் நார்சிசோவைக் கூப்பிட்டேன். பழைய மரக்கதவைக் கரையான் அரித்துவிட்டது, திருட்டுப் பயமும் இருக்கிறது என்று நகராட்சியில் சொன்னேன். நம்பினார்கள். இரும்புக் கதவு. உள்ளே குறுக்குக் கம்பி. அவன் கீல்களுக்கு எண்ணெய் விட்டு ஒரு விரலால் தள்ளிக் காட்டினான். கதவு சத்தமே இல்லாமல் நகர்ந்தது. இப்படிப்பட்ட கதவு சிக்கும் என்று சொல்கிறீர்கள்.

புதுக் கதவுக்குப் பழைய பூட்டைத்தான் முதலில் மாட்டினோம், கபிதானின் சாவி பொருந்த வேண்டும் என்பதற்காக. நவம்பரில் வந்த கடைசிப் புயலுக்குச் சில நாள் முன்பு அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு வேறு வாங்கி மாட்டினேன். பக்கத்து ஊரில் வாங்கினேன். புதுச் சாவியைக் கபிதானிடம் கொடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன், நீங்கள் கேட்டிருந்தால். நீங்கள் கேட்கவே இல்லை. பூட்டை ஒருவரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கொலை விசாரணையை இப்படியா நடத்துவது?

ஆமாம், கொலை என்றுதான் சொன்னேன். எழுதட்டும்.

புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னதும் சந்தைத் திடலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா, அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூடம் தூரம், ஆனால் உயரம். ரெமெதியாஸ் எழுந்து, "ஸ்கூலுக்கு ஏறுறதுக்குள்ள கிழவிங்களுக்கு மூச்சு நின்னுரும். நம்ம டைரக்டர் வீடு இருக்கும்போது எதுக்கு அம்புட்டு தூரம்? இந்தத் தடவை ஒரு பொருளையும் தொடக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன். தொட்டா கையை ஒடிப்பேன்" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மனோய், சரிதானே?" என்றார் ஒனோப்ரே.

தலையை ஆட்டினேன். அப்போதே முடியாது என்று சொல்லியிருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லியிருந்தால் அடுத்த புயலுக்கு மறுபடி வந்து நின்றிருப்பார்கள். அதற்கு அடுத்ததற்கும்.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. புயலும் திங்கட்கிழமைதான் வந்தது. காலையிலேயே ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கம்பியைப் போட்டேன். மதியம் வரை பூசை அங்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வெளியே மழை, பிலிக்கொட்டை அளவுக்குக் கனத்த துளிகள். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சங்கு ஊதினார்கள்.

வந்துவிட்டார்கள். படிகளில் காலடிச் சத்தம், குழந்தைகள் அழுவது, சேவல் ஒன்று. முதலில் யாரும் தட்டக்கூட இல்லை. திறந்திருக்கும் என்று நினைத்துத் தள்ளினார்கள். பிறகு தட்டினார்கள். ஒனோப்ரேயின் சாவி பூட்டுக்குள் போய்த் திரும்பாமல் நின்றது. அவர் திரும்பத் திரும்ப முயன்றார். "துரு பிடிச்சிருக்கும் போல... இருங்க, இருங்க, தள்ளாதீங்க" என்று அவர் பின்னால் இருப்பவர்களிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசியில் சாவி உள்ளேயே முறிந்தது.

அப்புறம் ரெமெதியாஸின் குரல். "டைரக்டர்! தூங்கிட்டீங்களா? உங்க எலும்புங்ககூட எழுந்து உட்கார்ந்திருக்கும் இந்தச் சத்தத்துக்கு."

சிலர் சிரித்தார்கள். அந்த நிலையிலும் சிரித்தார்கள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தட்டும்போதெல்லாம் இரும்புத் தகடு லேசாக அதிர்ந்தது. விரலை வைத்துப் பார்த்தேன்.

"மனோய் எலாடியோ." இப்போது குரல் பக்கத்தில் வந்திருந்தது, வாயைக் கதவிடுக்கில் வைத்துப் பேசினாள் போல. "நீங்க உள்ளதான் இருக்கீங்க, எனக்குத் தெரியும். விளக்கு வெளிச்சம் கீழ தெரியுது. கோவமா இருந்தா அப்புறம் திட்டுங்க. பிள்ளைங்க நனையுது."

விளக்கைத் தணித்தேன்.

"நாங்க ஒண்ணையும் தொட மாட்டோம், மனோய். செருப்பைக்கூட வெளியவே கழட்டி வெச்சிருக்கோம். ஓரமா நின்னுக்கறோம். நின்னுக்கிட்டே இருக்கோம்."

செருப்பைக் கழற்றியது நல்ல பழக்கம். இத்தனை வருடம் நான் சொல்லி வராதது, அன்றைக்கு வந்தது.

ஒனோப்ரே நிலைமையைப் புரிந்துகொண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடலாம் என்று கத்தினார். கால் உள்ளவர்கள் அவரோடு ஓடினார்கள். அவர்கள்தான் இன்று உங்களுக்குச் சாட்சி சொல்கிறார்கள். கிழவர்களும், கைக்குழந்தைக்காரிகளும், அவர்களை விட்டுப் போகாதவர்களும் படியிலேயே இருந்தார்கள். ரெமெதியாஸ் ஓடியிருக்கலாம். அவளுக்கு முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. மகளிடம் பெரிய பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்து ஓடச் சொல்லிவிட்டு, தான் தங்கிவிட்டாள். கிழவிகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மாதா பாட்டு. சுருதி சேரவில்லை.

சேறு வருகிற சத்தம் தண்ணீர்ச் சத்தம் மாதிரி இருக்காது. வண்டி வண்டியாகக் கல் இறக்குகிற மாதிரி இருக்கும். தரை நடுங்கியது. மணிப் பெட்டியின் கண்ணாடி கிண்கிண் என்றது. எழுந்து போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், உடைந்துவிடக் கூடாதே என்று. கதவு ஒருமுறை உள்பக்கம் குழிந்தது. நார்சிசோவின் கம்பி தாங்கியது. கதவின் அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பாட்டு எந்த வரியில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். ஒரு பொருளுக்கும் சேதம் இல்லை.

மறுநாள் சிப்பாய்கள் படியிலிருந்த சேற்றை வாரினார்கள். உள்ளிருந்து திறந்துகொண்டு வெளியே வந்தேன். ஏணியிலிருந்து விழுந்து மயங்கிக் கிடந்தேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். கதவு சிக்கிக்கொண்டது, பூட்டு துருப்பிடித்தது, பாவம் மனோய், உள்ளே தனியாக என்ன பாடுபட்டாரோ. ஒருத்தி எனக்குப் போர்வை போர்த்தி இஞ்சிக் கஞ்சி ஊட்டினாள். அவளுடைய மாமியார் அந்தப் படியில்தான் செத்திருந்தாள். நான் பிழைத்ததற்காக நன்றிப் பூசை வைத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

ஒனோப்ரே வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதார். "என் கை நடுங்கிருச்சு, மனோய். நான்தான் சாவியை உடைச்சேன். நிதானமா திருப்பியிருந்தா திறந்திருக்கும். அத்தனை பேரையும் நான்தான் கொன்னேன்." தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பின்னால் நின்று சொன்னாள்.

அவரை எழுப்பி உட்கார வைத்தேன். "போகட்டும் கபிதான், வேண்டுமென்றா செய்தீர்கள்" என்றேன். மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். பெருந்தன்மையாக நடந்துகொள்வது எனக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் என் பூட்டைத் திறக்கிற சாமர்த்தியம் தனக்கு இருந்தது என்று அந்த மனிதர் சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார் என்பது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. அதையும் இன்று சரிசெய்துவிட்டேன்.

வருத்தமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியின் தொனியே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரை நான் வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது தவறு. இப்போது தினமும் யாராவது வருகிறார்கள். சேற்றிலிருந்து எடுத்ததை உள்ளே வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஒரு பால் புட்டி, மூக்குக் கண்ணாடி, ஜெபமாலை. சத்தம் போடாமல் கொடுக்கிறார்கள், சத்தம் போடாமல் போகிறார்கள். மேற்குப் பக்கத்து அறையை அதற்காக ஒதுக்கிவிட்டேன். முந்தாநாள் ரெமெதியாஸின் மகள் அம்மாவின் சீப்பைக் கொண்டுவந்தாள். பற்களுக்கிடையில் நரைமுடி ஒன்று அப்படியே இருந்தது. அதைக் கழுவாமல், பஞ்சில் படுக்கவைத்து, மேலே தனிக் கண்ணாடி போட்டேன். நீல விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும்போது அவ்வளவு நன்றாக இருக்கிறது. என்ன பொறுமையான பெண், எவ்வளவு அடக்கம் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கீழே அவள் பெயரை ரெமி என்றே எழுதியிருக்கிறேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனபின் அந்த அறைக்கு யாரை வைப்பீர்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஈரக்காற்று ஆகாது. இந்த ஊர் ஜனங்களை என்னளவுக்குப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை, இன்ஸ்பெக்டர்.